பழைய வீட்டை விறகால் சூடாக்குவது: புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பழைய வீட்டில் நான் கழித்த முதல் குளிர்காலத்தில் காலை முதல் இரவு வரை அடுப்பு எரிந்துகொண்டேதான் இருந்தது. அப்படியும் பக்கத்து அறையில் கம்பளிச் சட்டைக்கு மேல் கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அடுப்பின் கண்ணாடிக் கதவு மாலைக்குள் கரும்பலகை ஆகிவிடும். குளிர்காலம் முழுமைக்கும் போதும் என்று வாங்கி வைத்த விறகு பாதியிலேயே தீர்ந்தது. நான் அடுப்பைத் திட்டினேன்.

பழுது அடுப்பில் இல்லை. விறகு ஈரம், பரணில் வெப்பக்காப்பு என்று பேருக்குக்கூட எதுவும் கிடையாது. சூடு மேலே போய்க்கொண்டிருந்தது, நான் கீழே கட்டை போட்டுக்கொண்டிருந்தேன். இரண்டுமே தீக்குச்சியை உரசுவதற்குப் பல மாதங்களுக்கு முன்பே கவனித்திருக்க வேண்டியவை. அதனால் இந்த வழிகாட்டியில் நெருப்பு கடைசியில்தான் வருகிறது. முதலில் வீடு, அடுத்து புகைபோக்கி, பிறகு அடுப்பு, அதன்பின் விறகு. வரிசையை மாற்றினால் பணம் வீணாகும். நான் மாற்றிப் பார்த்தவன்.

1. வீட்டின் ஓட்டைகளை அடைத்துவிடுங்கள்

சூடான காற்று மேலேறும். பழைய வீட்டில் அது பரண் கதவின் இடுக்கு, குழாய்களும் மின்கம்பிகளும் கூரையைத் துளைத்துச் செல்லும் இடங்கள், யாரும் பயன்படுத்தாத இன்னொரு கணப்பின் (சுவரில் கட்டிய திறந்த நெருப்பிடம்) புகைபோக்கி என்று கிடைத்த வழியிலெல்லாம் வெளியேறும். வெளியேறிய அளவுக்குக் குளிர்காற்று கதவடியிலும் ஜன்னல் சட்டத்திலும் தரைப்பலகை இடுக்கிலும் உள்ளே நுழையும். காற்று பலமாக வீசும் ஒரு நாளில் ஊதுபத்தி ஒன்றைக் கொளுத்திக்கொண்டு வீட்டைச் சுற்றி வாருங்கள். புகை நேராக ஏறாமல் எங்கெல்லாம் சாய்கிறதோ அங்கெல்லாம் சுண்ணக்கட்டியால் குறி போடுங்கள். அரை நாளில் வீட்டின் வரைபடமே கிடைத்துவிடும்.

அடைப்பதில் முதல் இடம் பரணுக்கு. அங்கே 25 முதல் 30 செ.மீ. கனத்துக்கு வெப்பக்காப்புப் பொருளைப் பரப்புவதற்கு ஈடான வேலை பழைய வீட்டில் வேறில்லை. விலை உயர்ந்த புது ஜன்னல்களைப் பற்றி அதற்குப் பிறகு யோசித்தால் போதும். கதவடிக்குத் தூரிகைப் பட்டை, ஜன்னல் சட்டத்துக்கு ரப்பர்ப் பட்டை, இரவில் கனமான திரை ஆகியவை மலிவானவை. பயன்படாத புகைபோக்கியைச் சிமெண்டு வைத்து முழுவதுமாக மூடிவிடாதீர்கள். சிறிதளவு காற்று ஓடவில்லை என்றால் அதற்குள் ஈரம் தேங்கும்.

சுவர் விஷயத்தில் நிதானம் வேண்டும். பழைய கல் சுவரும் செங்கல் சுவரும் ஈரத்தை உறிஞ்சி மெல்ல வெளியே விடும் இயல்புடையவை. சுண்ணாம்புக் காரையில் கட்டிய சுவர் மீது சிமெண்டுப் பூச்சையோ பிளாஸ்டிக் தாளையோ போர்த்தினால், வெளியேற வழியில்லாத ஈரம் பூஞ்சையாகவும் உளுத்த மரச்சட்டமாகவும் திரும்பி வரும். சுண்ணாம்புப் பூச்சு, மரநார்ப் பலகை போன்ற ஈரம் கடக்கும் பொருள்களே அங்கே பொருத்தம்.

இன்னொன்று: எரிவதற்குக் காற்று வேண்டும். வீட்டைப் புட்டியைப் போல அடைத்துவிட்டு, வெளிக்காற்றுக்கு வழியும் வைக்காமல் அடுப்பைப் பற்றவைத்தால் புகை அறைக்குள்தான் வரும். ஓட்டைகளை அடைத்த கையோடு அடுப்புக்கென்று தனியாக ஒரு காற்றுக் குழாயோ துவாரமோ வைத்துவிடுங்கள். சமையலறையில் பலமான காற்று வெளியேற்றி இருந்தால் அது புகைபோக்கியோடு போட்டியிட்டு, புகையைக் கீழே இழுத்துவிடும். இரண்டையும் ஒரே நேரத்தில் ஓட்டாதீர்கள்.

எல்லா அறைகளையும் ஒரே சூட்டில் வைக்க ஆசைப்பட வேண்டாம். பழைய வீடுகள் பலவும் நடுவிலிருக்கும் ஓர் அடுப்பைச் சுற்றி வளர்ந்தவை. பகலில் புழங்கும் அறையை நன்றாகச் சூடாக்கி, படுக்கையறைகளைச் சற்றுக் குளிராக விடுவதே விறகுக்கு உகந்த வாழ்க்கை. தண்ணீர்க் குழாய் ஓடும் மூலைகள் மட்டும் உறைநிலைக்குப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

2. புகைபோக்கியைத் தெரிந்தவரிடம் காட்டுங்கள்

இந்தப் படியில் சொந்தத் திறமையைக் காட்ட வேண்டாம். பல ஆண்டுகள் சும்மா கிடந்த புகைபோக்கிக்குள் பறவைக் கூடு, உதிர்ந்த காரை, வெடித்த களிமண் உறை என்று எதுவும் இருக்கலாம். அனுபவமுள்ள புகைபோக்கித் துப்புரவாளர் ஒருவர் உள்ளே பார்த்து, புகை விட்டுச் சோதித்து, சரி என்று சொல்லும்வரை ஒரு குச்சிகூட எரிக்காதீர்கள். சோதனை முடிந்ததும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டுக் காப்பீட்டுக்கும் அது உதவும்.

புகைபோக்கி எப்படி இழுக்கிறது என்பது புரிந்தால் பாதிச் சிக்கல்கள் தாமாகவே விளங்கிவிடும். உள்ளே இருக்கும் சூடான வாயு வெளிக்காற்றைவிட லேசானது. அதனால் மேலே ஏறுகிறது. குழாய் எவ்வளவு உயரமோ, உள்ளே எவ்வளவு சூடோ, இழுப்பு அவ்வளவு பலம். வீட்டின் நடுவே ஏறும் புகைபோக்கி சூடாகவே இருக்கும். வெளிச்சுவரை ஒட்டி ஏறுவது சீக்கிரம் ஆறிவிடும். காலையில் பற்றவைக்கும்போது முரண்டு பிடிப்பது பெரும்பாலும் இந்த வகைதான்.

பழைய வீடுகளுக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. அந்தக் காலத் திறந்த கணப்புக்காகக் கட்டிய புகைபோக்கி ஆள் நுழையும் அளவுக்கு அகலமாக இருக்கும். இன்றைய மூடிய அடுப்பின் புகைக் குழாயோ பெரும்பாலும் 150 மி.மீ. விட்டம்தான். அந்தச் சிறிய புகை பெரிய கூண்டுக்குள் போனதும் விரிந்து, குளிர்ந்து, சோர்ந்துவிடுகிறது. புகை ஏறத்தாழ 120 டிகிரி செல்சியசுக்குக் கீழே போனால் அதிலுள்ள நீராவியும் தாரும் சுவரில் படியத் தொடங்கும். இந்தப் படிவுக்குக் கிரியோசோட் என்று பெயர். முதலில் பிசுபிசுப்பு, பிறகு பளபளக்கும் கறுப்பு ஓடு, கடைசியில் புகைபோக்கித் தீ. இதைத் தவிர்க்க, அடுப்பின் புகை வாய்க்கு ஏற்ற அளவில் துருப்பிடிக்காத எஃகுக் குழாய் ஒன்றைப் பழைய கூண்டுக்குள் இறக்கி, சுற்றிலும் வெப்பக்காப்பு இடுவார்கள். செலவு பிடிக்கும் வேலைதான். அடுப்பின் விலையில் மிச்சம் பிடித்தாவது இதைச் செய்துவிடுங்கள்.

துப்புரவு ஆண்டுக்கு ஒரு முறையாவது வேண்டும். அன்றாடம் எரிப்பவர்களுக்கு இரண்டு முறை. படிவு 3 மி.மீ. கனத்தைத் தொட்டுவிட்டால் நாள் பார்க்காமல் ஆளைக் கூப்பிடுங்கள்.

3. அளவான அடுப்பைத் தேர்ந்தெடுங்கள்

திறந்த கணப்பு கண்ணுக்கு இனியது. அதற்கு மேல் எதுவும் எதிர்பார்க்காதீர்கள். விறகிலுள்ள வெப்பத்தில் 10 முதல் 20 சதவீதமே அறைக்குக் கிடைக்கும். மணிக்குச் சில நூறு கன மீட்டர் சூடான அறைக்காற்றையும் அது புகைபோக்கி வழியே இழுத்துக்கொண்டு போய்விடும். முன்னால் உட்கார்ந்திருப்பவருக்கு முகம் வேகும், முதுகு விறைக்கும். மற்ற அறைகள் முன்பைவிடக் குளிரும். நல்ல மூடிய அடுப்பு 70 முதல் 80 சதவீத வெப்பத்தை அறைக்குத் தரும். பழைய கணப்பின் அழகை விட மனம் வராதவர்கள் அதன் வாய்க்குள்ளேயே ஒரு மூடிய அடுப்பைப் பொருத்திக்கொள்ளலாம்.

அளவுதான் பலர் சறுக்கும் இடம். வீடு பழையது, குளிர் அதிகம், ஆகவே பெரிய அடுப்பாக வாங்குவோம் என்று தோன்றும். பெரிய அடுப்பு முழு வேகத்தில் எரிந்தால் அறையில் இருக்க முடியாது. உடனே காற்றை அடைப்பீர்கள். நெருப்பு கனியாமல் புகையும்; கண்ணாடி கறுக்கும்; புகைபோக்கியில் தார் படியும். சிறிய அடுப்பு சுறுசுறுப்பாக எரிவது பெரிய அடுப்பு தூங்கி வழிவதைவிட எப்போதும் மேல்.

ஒரு நாட்டுக்கணக்கு: அறையின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் மீட்டரில் பெருக்குங்கள். வெப்பக்காப்பு நடுத்தரம் என்றால் விடையை 14-ஆல் வகுங்கள். காற்று ஒழுகும் வீடு என்றால் 10-ஆல். நன்றாக மூடப்பட்டது என்றால் 25-ஆல். கிடைப்பது தேவையான கிலோவாட். 6 மீட்டருக்கு 5 மீட்டர் அறை, 2.5 மீட்டர் உயரம் என்றால் 75 கன மீட்டர். அதே அறைக்கு ஒழுகும் நிலையில் 7.5 கிலோவாட், நடுத்தரத்தில் 5-க்குச் சற்று மேல், நன்றாக அடைத்தபின் 3 போதும். முதல் படியை முதலில் வைத்ததன் காரணம் இப்போது புரிந்திருக்கும். ஓட்டையோடு அளந்து வாங்கிய அடுப்பு, ஓட்டையை அடைத்த மறுநாளே அளவுக்கு மீறியதாகிவிடும்.

வார்ப்பிரும்பு மெதுவாகச் சூடேறி மெதுவாக ஆறும். எஃகுத் தகடு வேகமாகச் சூடேறும். இந்த வேறுபாட்டுக்காக மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியதில்லை. பெரிய வேறுபாடு உள்ளது செங்கல் அடுப்பில்தான். 1767-இல் சுவீடனில், விறகுத் தட்டுப்பாட்டுக்கு அஞ்சிய அரசு கேட்டுக்கொண்டதால் கார்ல் யோஹான் குரோன்ஸ்டெட், ஃபாபியன் விரேடே என்ற இருவர் ஓடு பதித்த செங்கல் அடுப்பு ஒன்றை வடிவமைத்தார்கள். புகை நேராக மேலே ஓடிவிடாமல், செங்கல் கால்வாய்களில் ஏறி இறங்கி, தன் சூட்டையெல்லாம் செங்கலிடம் ஒப்படைத்துவிட்டுத்தான் வெளியேறும். காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை பலமாக எரித்தால் போதும். நாள் முழுதும் செங்கல் சூட்டைத் திருப்பித் தரும். நீங்கள் வாங்கிய பழைய வீட்டில் இப்படி ஒரு பூதம் மூலையில் நின்றால் இடித்துவிடாதீர்கள். அந்த வேலை தெரிந்த கொத்தனாரிடம் காட்டுங்கள். மூட்டுகளைச் சரிசெய்தாலே அது மறுபடி உயிர்பெறக்கூடும். புதிதாகக் கட்டுவதானால் ஒரு டன்னுக்கு மேல் எடை வரும். தரை தாங்குமா என்று பார்த்த பிறகே பேச்சு.

பொருத்தும்போது அடுப்புக்கும் மரச்சாமான், மரச்சுவர், திரை ஆகியவற்றுக்கும் இடையே எவ்வளவு தூரம் என்று தயாரிப்பாளரின் கையேட்டில் இருக்கும். அதில் ஒரு செ.மீ.கூட பேரம் பேசாதீர்கள். அடுப்புக்கு அடியில் எரியாத தளம் வேண்டும். உங்கள் ஊரில் அனுமதி தேவையா, புகைக் கட்டுப்பாடு உண்டா என்பதையும் வாங்குவதற்கு முன் கேட்டுவிடுங்கள்.

4. விறகு

மற்ற எல்லாவற்றையும் சரியாகச் செய்துவிட்டு இதில் கோட்டைவிட்டால் அத்தனையும் விழலுக்கு இறைத்த நீர்தான்.

அன்று வெட்டிய மரத்தில் எடையில் ஏறக்குறைய பாதி தண்ணீர். அத்தகைய ஒரு கிலோ விறகை எரித்தால், தண்ணீரை ஆவியாக்கியது போக மிஞ்சுவது சுமார் 2.2 யூனிட் வெப்பம். மின்கட்டணத்தில் பார்க்கிறோமே, அதே யூனிட்தான். ஒரு கிலோவாட் மணி. ஈரம் 20 சதவீதமாகக் குறையும்வரை காய்ந்த ஒரு கிலோவில் 4 யூனிட் கிடைக்கும். இது வெறும் கணக்கு. நடைமுறையில் நிலைமை இன்னும் மோசம். ஈர விறகு நெருப்பையே குளிரவைத்துவிடுவதால் புகை முழுதாக எரியாமல், வெப்பமாக வேண்டியது தாராகப் புகைபோக்கியில் ஒட்டிக்கொள்ளும்.

எனக்கு விற்றவர் "நன்றாகக் காய்ந்த விறகு" என்றுதான் சொன்னார். பொய் சொன்னதாகக்கூட நான் நினைக்கவில்லை. வெட்டி ஓராண்டு ஆகியிருந்தது. முழு உருளையாக, பிளக்காமல், தார்ப்பாய்க்கு அடியில் மூடிப் போட்டிருந்தார்கள். அப்படிக் கிடந்தால் ஓராண்டென்ன, இரண்டாண்டும் போதாது. விறகின் வயதைக் கேட்காதீர்கள், ஈரத்தைக் கேளுங்கள்.

அதற்கு ஈரமானி என்ற சிறு கருவி உண்டு. இரண்டு ஊசிமுனைகளோடு கைக்குள் அடங்கும். அதை வெளிப்பக்கத்தில் குத்தினால் நல்ல செய்தி மட்டுமே சொல்லும். கட்டையை அப்போதே பிளந்து, புதிதாகத் தெரியும் முகத்தின் நடுவில் குத்துங்கள். நான்கைந்து கட்டைகளிலாவது பாருங்கள். ஒரு நுணுக்கம்: இந்தக் கருவிகள் பெரும்பாலும் மரத்தின் உலர் எடையோடு ஒப்பிட்டே சதவீதத்தைக் காட்டுகின்றன. கருவி 25 காட்டினால் மொத்த எடையில் தண்ணீர் 20 சதவீதம் என்று பொருள். கருவியில் 20-க்குக் கீழே வந்தால் கவலையே வேண்டாம். 25-க்கு மேல் போனால் எரிக்காதீர்கள், அடுக்கி வையுங்கள். கருவி இல்லாதபோது கையும் காதும் உதவும். காய்ந்த கட்டை எடை குறைவு, முனைகளில் வெடிப்பு ஓடியிருக்கும், பட்டை கழன்றிருக்கும், இரண்டைத் தட்டினால் கணீரென்று ஒலிக்கும். ஈரக்கட்டை பொத்தென்று மந்தமாகச் சத்தமிடும்.

எந்த மரம் நல்லது என்று எல்லோரும் கேட்கிறார்கள். எடைக்கு எடை பார்த்தால் மரங்களுக்கிடையே வேறுபாடு அற்பம். கன அளவில்தான் வேறுபாடு. ஓக், பீச் போன்ற கனத்த மரம் ஒரு கன மீட்டர் அடுக்கில் காய்ந்த நிலையில் 450 முதல் 500 கிலோ இருக்கும். ஊசியிலை மரம் 300-ஐ ஒட்டி இருக்கும். விறகைக் கன அளவில் விற்பதால், ஒரே விலையில் கனத்த மரம் லாபம். ஊசியிலை மரத்தை எரித்தால் புகைபோக்கி கெடும் என்பது பரவலான நம்பிக்கை. மரத்தைவிட அதிலுள்ள ஈரத்துக்குத்தான் அந்தப் பழியில் பெரும்பங்கு. காய்ந்த பைன் நன்றாகவே எரியும், பற்றவைக்க அதைவிட நல்லது கிடையாது. வாங்கும்போது இன்னொன்றையும் கேளுங்கள்: ஒரு கன மீட்டர் என்றால் அடுக்கியதா, வண்டியில் கொட்டியதா? கொட்டியதை அடுக்கினால் மூன்றில் இரண்டு பங்குதான் தேறும்.

எவ்வளவு வேண்டும்? இதுவரை எண்ணெயோ எரிவாயுவோ பயன்படுத்தியிருந்தால் பழைய ரசீதுகள் சொல்லும். ஒரு லிட்டர் எண்ணெயில் சுமார் 10 யூனிட். குளிர்காலத்துக்கு 10,000 யூனிட் தேவை என்று வைத்துக்கொள்வோம். காய்ந்த விறகு கிலோவுக்கு 4 யூனிட், அதில் அடுப்பு அறைக்குத் தருவது 3. ஆக, 3,300 கிலோ. கனத்த மரத்தில் அடுக்கிய 7 கன மீட்டர், ஊசியிலையில் 10 அல்லது 11. இதைக் கேட்டதும் பலர் விறகை விட்டுவிட்டுப் பரண் வேலைக்குத் திரும்பிவிடுகிறார்கள். புத்திசாலிகள்.

காயவைக்கும் முறை எளிது, பொறுமைதான் வேண்டும். அடுப்பின் நீளத்தைவிடச் சற்றுக் குறைவாகத் துண்டு போடுங்கள். 8 முதல் 15 செ.மீ. கனத்துக்குப் பிளந்துவிடுங்கள், பட்டை நீரை வெளியே விடாது, பிளந்த முகமும் அறுத்த முனையும்தான் விடும். பச்சை மரத்தைப் பிளப்பது காய்ந்ததைப் பிளப்பதைவிட எளிது. ஆகவே தள்ளிப்போடுவதில் லாபமில்லை. வெயிலும் காற்றும் படும் இடத்தில், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் சட்டங்கள் போட்டு, ஒற்றை வரிசையாக அட்டி போடுங்கள். சுவரிலிருந்து ஒரு கையளவு தள்ளியே இருக்கட்டும். மேலே மட்டும் மூடுங்கள். பக்கங்களையும் சேர்த்துப் போர்த்துவது ஈரத் துணியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டுவதற்குச் சமம். பைன் போன்றவை ஒரு கோடையில் காயும். கனத்த மரங்களுக்கு ஒன்றரை முதல் இரண்டு ஆண்டு. ஓக் இரண்டையும் தாண்டும். அதனால்தான் விறகுக்காரர்கள் எப்போதும் அடுத்த குளிர்காலத்துக்கு அல்ல, அதற்கும் அடுத்ததற்கு அடுக்குகிறார்கள். முதல் ஆண்டில் மட்டும், சூளையில் உலர்த்திய விறகை விலை கொடுத்து வாங்குவதைத் தவிர வழியில்லை.

வீட்டுக்குள் சில நாள் தேவைக்கு மட்டும் கொண்டுவாருங்கள். அடுப்பின்மீது சாய்த்துக் காயவைக்காதீர்கள். அப்படித்தான் வீடுகள் எரிகின்றன.

எரிக்கக் கூடாதவை: பெயிண்ட் அடித்த மரம், பிளைவுட், ஒட்டுப்பலகை, கடலில் ஒதுங்கிய உப்பேறிய மரம், பூச்சி அரிக்காமலிருக்க மருந்தூட்டிய பழைய வேலிக்கம்பம், பிளாஸ்டிக். கடைசிக்கு முந்தையதில் ஆர்சனிக் இருக்கக்கூடும். எரித்தாலும் சாம்பலில் தங்கும்.

5. நெருப்பு

விறகு நேராக எரிவதில்லை. முதலில் அதன் நீர் வெளியேறுகிறது. 200 டிகிரியைத் தாண்டியதும் மரம் சிதைந்து வாயுக்களை விடுகிறது. நாம் பார்க்கும் நீண்ட மஞ்சள் நாக்குகள் அந்த வாயுக்கள் எரிவதுதான். விறகின் வெப்பத்தில் பாதிக்கு மேல் அவற்றில் இருக்கிறது. அவை முழுதாக எரிய 600 டிகிரிக்கு மேல் சூடும் மேலிருந்து போதிய காற்றும் வேண்டும். கடைசியில் மிஞ்சுவது தணல். ஆகவே காற்றை அடைத்து "சிக்கனமாக" எரிப்பவர், பாதி விறகை எரியாத வாயுவாகப் புகைபோக்கிக்குக் கொடுத்துவிடுகிறார்.

பற்றவைப்பதை மேலிருந்து செய்யுங்கள். அடியில் இரண்டு மூன்று நடுத்தரக் கட்டைகளைச் சிறு இடைவெளி விட்டு வையுங்கள். அவற்றின்மேல் குறுக்காக மெலிந்த கட்டைகள், அதற்கும் மேல் பெருவிரல் கனத்தில் சிராய்கள், உச்சியில் மெழுகில் தோய்த்த மரநார் உருண்டை ஒன்று. காற்றுத் திறப்புகளை முழுதாகத் திறந்து உச்சியைக் கொளுத்துங்கள். தீ கீழ்நோக்கி மெதுவாக இறங்கும். கீழிருந்து எழும் வாயு மேலேயுள்ள தீயைக் கடந்துதான் போக முடியும் என்பதால் அங்கேயே எரிந்துவிடும். கீழே கொளுத்தி மேலே விறகைப் போடும் வழக்கத்தில் புகை முதலில் போகும், தீ பிறகு வரும். நான் இந்தத் தலைகீழ் முறையை நம்பாமல் ஒரு மாதம் கேலி செய்துகொண்டிருந்தேன். இப்போது வேறு முறையில் கொளுத்துவதே இல்லை.

புகைபோக்கி குளிர்ந்து முரண்டு பிடித்தால், ஒரு தாள் கசங்கலை அடுப்பின் மேல்வாய்க்கருகே பிடித்து எரியவிட்டு அதைச் சூடாக்குங்கள். பக்கத்து ஜன்னலைச் சில நிமிடம் திறந்து வைப்பதும் உதவும்.

சிராய்கள் பற்றி, கட்டைகள் நன்றாகப் பிடித்துக்கொண்ட பிறகு, அதாவது 15 அல்லது 20 நிமிடத்தில், அடியிலிருந்து வரும் காற்றை மூடுங்கள். விறகுக்கு மேல்காற்றுதான் வேண்டும். சாம்பல் மெத்தையில் கிடந்து எரிவதே அதற்குப் பிடிக்கும். அதனால் சாம்பலைத் துடைத்து எடுக்காமல் 2 செ.மீ. அளவுக்கு விட்டுவையுங்கள். மேல்காற்றைப் படிப்படியாகக் குறையுங்கள், ஆனால் தீநாக்கு துடிப்பாக ஆடிக்கொண்டிருக்கும் அளவோடு நிறுத்துங்கள். அது சோம்பலாக, கருஞ்சிவப்பாக, புகை நுனியோடு அலைந்தால் அளவு மீறிவிட்டீர்கள்.

அடுத்த கட்டைகளைப் போடும் நேரம் தீநாக்கு அடங்கித் தணல் மட்டும் தகதகக்கும்போது. எரிந்துகொண்டிருக்கும் தீக்கு மேல் போட்டால் புகை அறைக்குள் வரும். தணல் செத்தபின் போட்டால் கட்டை புகைந்துகொண்டே கிடக்கும். கதவை மெல்லத் திறந்து, தணலை முன்பக்கம் இழுத்து, இரண்டு கட்டைகளை வைத்து, காற்றை முழுதாகத் திறந்துவிடுங்கள். பற்றியதும் மறுபடி குறையுங்கள். ஒரே கட்டையைத் தனியாக வைத்தால் அது எரிவதற்கு மனம் கொள்ளாது. இரண்டுக்குக் குறையாமல் வைப்பதே பழக்கம். அடுப்பை வாய்வரை நிரப்புவதும் வேண்டாம்.

எப்படி எரிகிறது என்று அறிய மூன்று சாட்சிகள் உண்டு. அடுப்புக்குள் இருக்கும் செங்கல்கள் வெளிறியிருக்க வேண்டும். கண்ணாடி தெளிவாக இருக்க வேண்டும். வெளியே போய் அண்ணாந்து பார்த்தால், பற்றவைத்த முதல் கால் மணிக்குப் பிறகு புகைபோக்கியில் அநேகமாக எதுவும் தெரியக் கூடாது. மூன்றாவது சாட்சி உங்களைவிட அண்டை வீட்டாருக்கு முக்கியம்; நுண்துகள் புகை குழந்தைகளையும் ஆஸ்துமா உள்ளவர்களையும் முதலில் பாதிக்கும். ஒற்றைச் சுவர்ப் புகைக் குழாய் என்றால் அதில் காந்த வெப்பமானி ஒன்றை ஒட்டிவிடுங்கள். 120 முதல் 240 டிகிரிக்குள் முள் நின்றால் சரி; கீழே போனால் தார், மேலே போனால் அடுப்புக்கு ஆபத்து.

இரவு முழுதும் எரியட்டும் என்று பெரிய கட்டையைப் போட்டுக் காற்றை அடைத்துவிட்டுத் தூங்கப் போவது பழைய வழக்கம். சாதாரண அடுப்பில் இது மூன்று தீங்குகளை ஒன்றாகக் கொண்டுவரும்: தார், புகை, கார்பன் மோனாக்சைடு. மாலையில் பலமாக எரித்துச் சுவர்களுக்கும் கல்லுக்கும் சூட்டை ஏற்றிவிட்டு, தணலோடு தூங்கப் போங்கள். தணல் கனன்றுகொண்டிருக்கும்போது புகைக் குழாயின் அடைப்புத் தகட்டை ஒருபோதும் முழுதாக மூடாதீர்கள்.

6. சூட்டை அடுத்த அறைக்கு அனுப்ப

அடுப்பு இருக்கும் அறையில் 25 டிகிரி, கூடத்தின் மறுகோடியில் 15 டிகிரி என்பது பழைய வீட்டின் தலையாய குறை. மின்விசிறியை அடுப்பருகே வைத்துச் சூட்டைத் தள்ளப் பார்ப்பார்கள். மாற்றிச் செய்யுங்கள். குளிர்ந்த அறையின் தரையில் சிறு மின்விசிறியை வைத்து, அங்குள்ள காற்றை அடுப்பு இருக்கும் அறையை நோக்கித் தள்ளுங்கள். குளிர்காற்று கனமானது, தரையோடு எளிதாக ஓடும். அது விட்ட இடத்தை நிரப்பச் சூடான காற்று கதவின் மேல்பகுதி வழியே தானாக வரும். மிகக் குறைந்த வேகமே போதும்.

7. பாதுகாப்பு

கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. அடுப்பு இருக்கும் அறையில் ஒரு எச்சரிக்கைக் கருவியும், படுக்கையறைப் பக்கம் ஒன்றும், கூடவே புகை எச்சரிக்கைக் கருவியும் வேண்டும். தலைவலியும் குமட்டலும் வீட்டில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் வந்தால் முதலில் வெளியே போங்கள், காரணத்தைப் பிறகு தேடலாம்.

சாம்பலுக்குள் கங்கு நாள்கணக்கில் உயிரோடிருக்கும். மூடியுள்ள உலோக வாளியில் அள்ளி, வெளியே, மரத்தளம் அல்லாத இடத்தில் மூன்று நாளாவது வையுங்கள். வேக்குவம் கிளீனர் வேண்டவே வேண்டாம்.

புகைபோக்கிக்குள் ரயில் ஓடுவதுபோல் இரைச்சல் கேட்டால், உச்சியில் பொறியோ தீயோ தெரிந்தால், அது புகைபோக்கித் தீ. உள்ளே 1,000 டிகிரியைத் தாண்டக்கூடும். அடுப்பின் எல்லாக் காற்றுத் திறப்புகளையும் மூடுங்கள், எல்லோரையும் வெளியேற்றுங்கள், தீயணைப்புத் துறையை அழையுங்கள். தண்ணீர் ஊற்றாதீர்கள், கணத்தில் ஆவியாகிப் புகைபோக்கியையே பிளந்துவிடும். அணைந்த பிறகும் ஆள் வந்து பார்க்காமல் மறுபடி எரிக்கக் கூடாது.

8. குளிர்காலம் முடிந்ததும்

சாம்பலை முழுதாக அள்ளுங்கள். அதில் ஈரம் சேர்ந்தால் இரும்பை அரிக்கும். சுத்தமான விறகின் சாம்பல் தோட்டத்துக்கு நல்லது, அமில மண்ணை விரும்பும் செடிகளைத் தவிர. அடுப்புக் கதவைச் சுற்றியுள்ள கயிற்று அடைப்பைச் சோதிக்க ஒரு தாளைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். சுலபமாக உருவிக்கொண்டு வந்தால் கயிற்றை மாற்ற வேண்டும். காற்றுத் திறப்புகளைத் திறந்தே வையுங்கள், உள்ளே காற்றோடி உலர்ந்திருக்கும்.

பிறகு கொல்லைக்குப் போய் அட்டிகளைப் பாருங்கள். எது எந்த ஆண்டு அடுக்கியது என்பது மறந்துபோகும், சுண்ணக்கட்டியில் எழுதினால் மழை அழித்துவிடும். தகரத் துண்டொன்றில் பிளந்த மாதத்தையும் ஆண்டையும் கீறி, முகப்புக் கட்டையில் ஆணியடித்து வையுங்கள். அந்தக் கட்டையை அடுப்பில் போடுவதற்கு முன் ஆணியைப் பிடுங்க மறக்காதீர்கள்.